டியூட்டியில் அடிபட்ட செக்யூரிட்டிக்கு நட்டஈடு: யார் தரவேண்டும், எவ்வளவு, எப்படிக் கேட்பது

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி அடிபட்டுச்சு?" சொல்கிற பதிலை அவர் அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். வக்கீல்களும் போலீசாரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது அந்தப் பதிவின் நகலைத்தான். அடிபட்ட செக்யூரிட்டி வலியில் முனகிக்கொண்டிருக்கும்போது, கூட்டிவந்த சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, "வீட்டுல வழுக்கி விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுவதுண்டு. போலீஸ், விசாரணை என்று அலைய வேண்டாமே என்பது அவர் கணக்கு. அந்த ஒரு வரி ஏட்டில் ஏறிவிட்டால், பிறகு டியூட்டியில்தான் விழுந்தேன் என்று நிரூபிக்கப் படாதபாடு படவேண்டும்.

அதனால் பேச முடிந்தால் நீங்களே சொல்லுங்கள். முடியாவிட்டால் உடன் இருக்கும் வீட்டார் சொல்லட்டும். "இந்த அபார்ட்மென்ட்டில் நைட் டியூட்டி, ராத்திரி 2 மணிக்கு ரவுண்ட்ஸ் போனபோது மாடிப்படியில் விழுந்தார்." இடம், நேரம், செய்துகொண்டிருந்த வேலை மூன்றும் அந்த வரியில் இருக்கவேண்டும். நட்டஈடு என்ற கட்டடம் முழுக்க இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது.

பலர் இதை முதலாளி மனமிரங்கித் தரும் உதவி என்று நினைக்கிறார்கள். இன்னும் பலர், தவறு யார்மேல் என்று நிரூபித்தால்தான் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். இரண்டுமே சரியில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது அடிபட்டது என்று காட்டினால் போதும். முதலாளிமேல் தவறு இருந்ததா என்பது கேள்வியே இல்லை. செக்யூரிட்டி கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தார் என்பதும் நட்டஈட்டை மறுக்கக் காரணமாகாது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததிலிருந்தே அடிப்படை இதுதான்.

முதலில் பார்க்கவேண்டியது: இ.எஸ்.ஐ. உண்டா, இல்லையா?

பணம் வருவதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு). இன்னொன்று தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், 1923 (2010 முதல் இதன் பெயர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்; லேபர் ஆபீஸில் இன்னமும் டபிள்யூ.சி. கேஸ் என்றே சொல்வார்கள்). ஒரே காயத்துக்கு இரண்டிலும் வாங்க முடியாது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் இ.எஸ்.ஐ.யில்தான் கேட்கவேண்டும், அதில் வராதவர் இரண்டாவது வழியில் போகவேண்டும். வழி தெரியாமல் தப்பான இடத்தில் மனு போட்டு, ஒன்றரை வருடம் கழித்துத் தள்ளுபடி வாங்கிய குடும்பங்கள் உண்டு. அதனால்தான் இதை முதலில் சொல்கிறோம்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்து, இந்த இரண்டு பழைய சட்டங்களின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. பிரிவு எண்கள் மாறின. ஆனால் யார் தரவேண்டும், எப்படிக் கணக்குப் போடுவது என்கிற அமைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டத்தின் எண்களையே மனுவில் எழுதுவார்கள்.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஏஜென்சியில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம். தமிழ்நாட்டில் பெரும்பாலான செக்யூரிட்டிகள் இந்த வரம்புக்குள்தான் வருகிறார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடம் பிடிப்பார்கள், 3.25 சதவீதம் ஏஜென்சி போடவேண்டும். 15,000 சம்பளம் என்றால் உங்கள் பங்கு 113 ரூபாய், ஏஜென்சி பங்கு 488. உங்களுக்கென்று 10 இலக்க இன்சூரன்ஸ் எண் ஒன்று இருக்கும். மாதாமாதம் பணம் கட்டப்படுகிறதா என்பதை உமங் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அடிபட்ட பிறகு பார்ப்பதைவிட இன்றே பார்த்துவிடுங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து, செயலியில் ஒன்றும் ஏறவில்லை என்றால், ஏஜென்சி உங்கள் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது, அது குற்றம்.

கட்டவே இல்லை என்றாலும் வழி அடைபட்டுப் போகவில்லை. கட்டியிருக்க வேண்டிய ஏஜென்சி கட்டாமல் விட்டிருந்தால், இ.எஸ்.ஐ. கழகம் உங்களுக்குத் தந்துவிட்டு ஏஜென்சியிடமிருந்து வசூலித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. நோய்க்கான விடுப்புச் சம்பளத்துக்குக் குறைந்தபட்ச சந்தா நாட்கள் வேண்டும். வேலையில் பட்ட காயத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

இ.எஸ்.ஐ.யில் கிடைப்பது

வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 90 சதவீதம். தினச் சராசரி 500 ரூபாய் என்றால் நாளுக்கு 450. அறுபது நாள் ஓய்வென்றால் 27,000. வேலைக்குப் போக முடியாத நிலை குறைந்தது மூன்று நாளாவது நீடிக்கவேண்டும் (அடிபட்ட நாளைச் சேர்க்காமல்). இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவர் தரும் ஓய்வுச் சான்றுகளை இடைவெளி விழாமல் வாங்கிக் கிளை அலுவலகத்தில் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். நடுவில் ஒரு சான்று விட்டுப்போனால் அந்த நாட்களுக்கான பணம் நின்றுவிடும். அதிகமாகப் பிரச்சினை வருவது இந்த இடத்தில்தான்.

நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு முன் போகவேண்டும். சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று அவர்கள் சொல்வார்கள். 20 சதவீதம் என்றால் அந்த 450இல் 20 சதவீதம், அதாவது நாளுக்கு 90 ரூபாய், மாதம் 2,700 அளவில், ஆயுள் முழுக்க வரும். சதவீதம் குறைவு என்று பட்டால் மேல்முறையீடு உண்டு. முடிவு கைக்கு வந்த தேதியைக் குறித்து வைத்து, மூன்று மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

உயிரிழப்பு என்றால் மனைவிக்கு முழு விகிதத்தில் (தினச் சம்பளத்தில் 90 சதவீதம்) ஐந்தில் மூன்று பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு பங்கு. கூட்டினால் முழு விகிதத்தைத் தாண்டும்போது எல்லாருக்கும் அதே விகிதத்தில் குறைத்துப் பிரிப்பார்கள். ஈமச் செலவுக்கு 15,000 வரை. மாதாமாதம் வருகிற பணம் என்பதால், இளம் வயதில் கணவனை இழந்த பெண்ணுக்கு இது மொத்தத் தொகையைவிடப் பல நேரம் நல்லது. ஏமாற்றிப் பிடுங்க உறவுக்காரர்களுக்கும் இடம் கிடைக்காது.

விபத்து நடந்ததும் ஏஜென்சி விபத்து அறிக்கை அனுப்பவேண்டும். ஃபாரம் 12 என்று எல்லா ஏஜென்சிக்காரர்களுக்கும் தெரியும். "ஃபாரம் 12 போட்டாச்சா, நகல் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். போடவில்லை என்றால், கிளை அலுவலகத்தில் நீங்களே எழுத்தில் கொடுத்து, ரசீதில் சீல் வாங்குங்கள். அவசரத்துக்குத் தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தாலும், சென்னை கே.கே. நகர், அயனாவரம் போன்ற இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அன்றே தகவல் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செலவழித்த பணத்தைத் திருப்பி வாங்குவது கடினம்.

இ.எஸ்.ஐ.யில் வராதவர்களுக்கு

நாலைந்து ஆட்களை வைத்துக்கொண்டு நடத்தும் சிறு ஏஜென்சி, நேரடியாக வாட்ச்மேன் வைத்திருக்கும் கடை, கிடங்கு, 21,000க்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள் போன்றோருக்கு இரண்டாவது வழி. பழைய சட்டத்தின் அட்டவணையிலேயே, எந்தத் தொழிற்சாலையிலும் நிறுவனத்திலும் காவலாளியாக வேலை செய்பவர் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. "வாட்ச்மேனுக்கெல்லாம் இது வராது" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கணக்கு இப்படி. மாதச் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வாங்கினாலும் கணக்குக்கு அதிகபட்சம் 15,000தான். 2020 ஜனவரி 3 அறிவிப்பு அப்படிச் சொல்கிறது. உயிரிழப்பென்றால் அதில் பாதியையும், முழு நிரந்தர ஊனமென்றால் 60 சதவீதத்தையும் எடுத்து, வயதுக்கான காரணியால் பெருக்கவேண்டும். காரணி 40 வயதுக்கு 184.17. 50க்கு 153.09. 55க்கு 135.56. 60க்கு 117.41. 65க்கு மேல் போனாலும் 99.37 என்று உண்டு. அதாவது வயது கூடினால் தொகை குறையும், ஆனால் உரிமை போகாது. "அறுபது தாண்டிய ஆளுக்கு எதுவும் வராது" என்பது ஏஜென்சி வாசலில் சொல்லப்படும் கதை. செக்யூரிட்டி வேலையில் வயதானவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

15,000 சம்பளம், 40 வயது. உயிரிழப்பென்றால் 7,500 பெருக்கல் 184.17, அதாவது 13,81,275 ரூபாய். முழு ஊனமென்றால் 9,000 பெருக்கல் 184.17, அதாவது 16,57,530. அதே ஆள் 60 வயதில் இறந்திருந்தால் 8,80,575.

பகுதி ஊனத்துக்கு அட்டவணை ஒன்று இருக்கிறது. கட்டை விரல் போனால் 30 சதவீதம், ஒரு கண் போனால் 40, ஒரு கை போனால் 60. மேலே சொன்ன 40 வயதுக்காரருக்குக் கட்டை விரல் போயிருந்தால் 16,57,530இல் 30 சதவீதம், 4,97,259 ரூபாய். இடுப்பு எலும்பு முறிவு, முதுகுத்தண்டு அடி போன்று அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் சொல்லவேண்டும். உடல் ஊனச் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல என்பதை மறக்காதீர்கள். இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சருக்கு, தச்சு வேலையே செய்ய முடியாது என்பதால் நூறு சதவீத இழப்பு என்பதை 1976இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இரவு முழுக்க நின்று, நடந்து, கேட்டைத் தள்ளித் திறக்கவேண்டிய ஆளுக்குக் கால் போனால், டாக்டர் எழுதும் 40 சதவீதத்தோடு கதை முடிவதில்லை. செக்யூரிட்டி வேலை என்னவெல்லாம் கேட்கிறது என்று மனுவில் விரித்து எழுதவேண்டும்.

கொஞ்ச நாள் மட்டும் வேலைக்குப் போக முடியாவிட்டால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். 15,000க்கு 3,750. மருத்துவச் செலவை முதலாளி தனியாகத் தரவேண்டும்; பில்கள் வேண்டும். மூன்று நாளுக்கு மேல் வேலையை நிறுத்தாத காயத்துக்கு ஒன்றும் வராது. இ.எஸ்.ஐ.யின் 90 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு என்பதையும் சொல்லியாகவேண்டும்.

நட்டஈடு விபத்து நடந்த நாளிலிருந்தே கடன். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. சரியான காரணமில்லாத தாமதத்துக்குத் தொகையில் பாதி வரை தண்டமும் போடலாம். ஏஜென்சி டபிள்யூ.சி. பாலிசி எடுத்திருந்தாலும் தண்டத்தை இன்சூரன்ஸ் கம்பெனி தராது, ஏஜென்சிதான் கட்டவேண்டும். சமரசப் பேச்சில் இந்த விஷயத்துக்குத் தனி எடை உண்டு.

'டியூட்டியில்' என்றால் எதுவரை?

கேட்டில் நின்றபோது லாரி மோதியது, திருட வந்தவன் தாக்கினான், இருட்டில் ரவுண்ட்ஸ் போகையில் பள்ளத்தில் விழுந்தார். இவற்றில் சண்டையே இல்லை. மற்றவற்றில்தான் வாதம் வரும்.

அபார்ட்மென்ட் வேலையில் அடிக்கடி நடப்பது மோட்டார் விபத்து. செக்யூரிட்டியின் வேலைப் பட்டியலில் மோட்டார் போடுவது இருக்காது. ஆனால் விடியற்காலை 5 மணிக்கு அவர்தான் ஈரக் கையோடு ஸ்விட்சைத் தட்டுகிறார், மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கிறார். மின்சாரம் தாக்கியதும் ஏஜென்சி, "அது அவர் வேலையே இல்லை" என்று சொல்லும். செக்ரெட்டரியோ சூப்பர்வைசரோ சொல்லித்தான் தினமும் செய்தார் என்று காட்டிவிட்டால் அந்த வாதம் விழுந்துவிடும். "செக்யூரிட்டி அண்ணே, தண்ணி வரல, மோட்டார் போடுங்க" என்று குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் வந்த செய்திகளே சாட்சி. அழிக்காதீர்கள்.

வேலைக்குப் போகும் வழியில் விபத்து? இதிலும் வழி திறந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் வாட்ச்மேன். அதிகாலை 3 மணி டியூட்டிக்காக 2003 ஏப்ரல் 22 அன்று பைக்கில் போனவர், ஆலைக்கு 5 கிலோமீட்டர் இருக்கும்போது விபத்தில் இறந்தார். 3,26,140 ரூபாய் தரச்சொல்லி, நட்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையர் உத்தரவிட்டார்; பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையரின் உத்தரவை மீட்டுத் தந்தது. விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலை மூன்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால், வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் பயணமும் வேலையின் பகுதியே என்றது அந்தத் தீர்ப்பு. நடுவில் சொந்த வேலையாக வேறு வழியில் திரும்பியிருந்தால் இந்தத் தொடர்பு அறுந்துவிடும். இருபத்திரண்டு வருடம் அந்தக் குடும்பம் விடாமல் போராடியதால், இன்று மற்றவர்கள் அதைக் காட்டிக் கேட்க முடிகிறது.

மாரடைப்புதான் கடினம். டியூட்டியில் இறந்தார் என்பது மட்டும் போதாது. வேலையின் பாரத்தால் வந்தது என்று காட்டவேண்டும். ரிலீவர் வராததால் தொடர்ந்து 24 அல்லது 36 மணி நேரம் டபுள் டியூட்டி பார்த்தாரா? வருகைப் பதிவேட்டின் அந்த வாரத்துப் பக்கங்கள் கையில் இருந்தால் வழக்கு நிற்கும். நாற்காலியில் அமர்ந்திருந்தபோது இறந்தார் என்று மட்டும் எழுதினால் தோற்றுப்போக வாய்ப்பு அதிகம்.

குடித்திருந்தார் என்று சொல்வார்கள். குடிபோதையே காயத்துக்கு நேரடிக் காரணம் என்று முதலாளிதான் நிரூபிக்கவேண்டும். உயிரிழப்பிலும் முழு நிரந்தர ஊனத்திலும் அந்த வாதமே செல்லாது.

வண்டி மோதிய வழக்கென்றால் இன்னொரு தேர்வும் உண்டு. டபிள்யூ.சி.யா, மோட்டார் விபத்துத் தீர்ப்பாயமா, இரண்டில் ஒன்றுதான். தீர்ப்பாயத்தில் 15,000 உச்சவரம்பு கிடையாது என்பதால் இளவயதுக்காரர்களுக்கு அங்கே கூடுதலாகக் கிடைக்கலாம். அங்கே போவதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் மனு போடுவது பாதுகாப்பு.

ஏஜென்சியா, இடத்துக்காரரா?

நட்டஈடு தரவேண்டியவர் முதலில் ஏஜென்சி. ஆனால் ஏஜென்சி போர்டைக் கழற்றிவிட்டு ஓடிவிட்டால்? ஒப்பந்தக்காரர் மூலம் வேலை வாங்கும் முதன்மை முதலாளியும் பொறுப்பு என்று பழைய சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்லும். அவர் கொடுத்துவிட்டு ஏஜென்சியிடம் வாங்கிக்கொள்ளலாம். அந்த வேலை அவருடைய தொழிலின் வழக்கமான பகுதியாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. தொழிற்சாலை, வங்கி, மால் என்றால் வாதாடுவது எளிது. குடியிருப்போர் சங்கம் என்றால், "நாங்கள் தொழில் நடத்தவில்லை" என்பார்கள். இருந்தாலும் மனுவில் ஏஜென்சி, இடத்துக்காரர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்ப்பது அலைச்சல்.

கையில் வேண்டிய தாள்கள்

ஏஜென்சிகள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தருவது அரிது. "இவர் எங்க ஆளே இல்லை" என்பதுதான் அவர்களின் முதல் பதிலாக இருக்கும். அதை உடைக்க அடையாள அட்டை, சீருடையில் எடுத்த படம், வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கங்கள், வருகைப் பதிவேட்டின் படம். இப்போது பல ஏஜென்சிகள் டியூட்டி ஏறியதும் செல்ஃபி எடுத்து இருப்பிடத்தோடு வாட்ஸாப் குழுவில் போடச் சொல்கின்றன. ராத்திரி 8:02க்குப் போட்ட அந்த செல்ஃபி, எந்த ஆர்டரையும்விட வலுவான ஆதாரம். அடிபட்டதும் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதற்கு முன் வீட்டில் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடட்டும்.

சிசிடிவி பதிவு பல இடங்களில் 15 அல்லது 30 நாளில் தானாக அழிந்து, அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். அதற்குள் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி இடத்துக்காரருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் ரசீது இருக்கும். சம்பளத்தை ரொக்கமாக வாங்குபவர்கள் நட்டஈட்டில் அதிகம் இழக்கிறார்கள். கையில் 16,000 வாங்கியிருப்பார். ஏஜென்சி 9,000 என்று சீட்டு காட்டும். அதை மறுக்க ஆதாரம் இருக்காது. முடிந்தவரை வங்கியில் போடச் சொல்லுங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாத வழக்குக்குத் தொழிலாளர் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் அலுவலகத்தில், விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு. அதற்கு முன் ஏஜென்சிக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுத்திருக்கவேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் ஊனச் சதவீதத்தில் சண்டை வரும் என்று தெரிந்தால் வைத்துக்கொள்வது நல்லது. உத்தரவு உங்கள் பக்கம் வந்து, ஏஜென்சி உயர் நீதிமன்றம் போகவேண்டுமென்றால் முதலில் தொகையைக் கட்டியாகவேண்டும். "அப்பீல் போய் இழுத்தடிப்போம்" என்ற மிரட்டலுக்கு இதனால் பெரிய பலம் கிடையாது.

வெள்ளைத் தாளில் கையெழுத்து

"அண்ணே, கம்பெனியில 20,000 தரச் சொல்லியிருக்காங்க, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஆஸ்பத்திரி கட்டில் பக்கத்திலேயே வந்து நிற்பார்கள். பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால், "20,000 முன்பணமாகப் பெற்றேன்" என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதாத தாளில் வேண்டாம். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. ஒப்பந்தம் என்றால் ஆணையரிடம் பதிவாகியிருக்கவேண்டும். உயிரிழப்பு வழக்கில் முதலாளி குடும்பத்திடம் நேரடியாகத் தந்து கணக்கை முடிக்கவே முடியாது. ஆணையரிடம் கட்டினால்தான் நட்டஈடு கொடுத்ததாகும். மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகத் தந்திருந்தால் அதை மட்டும் கழிப்பார்கள். ஆணையர் அதை மனைவி, பிள்ளைகள் பேரில் பிரித்து, தேவைப்பட்டால் வங்கியில் வைப்பாகப் போடுவார். அந்தப் பணத்தைக் கடன்காரர் யாரும் ஜப்தி செய்யவும் முடியாது.

சென்னையிலும் கோவையிலும் கேட்டில் நிற்பவர்களில் ஒடிசா, அசாம், பீகாரிலிருந்து வந்தவர்கள் ஏராளம். இறந்தவரின் மனைவி இங்கே வந்து மாதாமாதம் ஆஜராக வேண்டியதில்லை. விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, மனு போடுபவர் வழக்கமாகக் குடியிருக்கும் ஊரின் ஆணையரிடமும் போடலாம். உடலை ஊருக்கு அனுப்பும் அவசரத்திலும் ஏ.ஆர். காப்பி, முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஏஜென்சியின் முழு முகவரி ஆகிய நான்கையும் வாங்கி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து அனுப்புங்கள். பக்கத்து பாயிண்டில் நின்ற நண்பர் ஒருவரே இதைச் செய்துவிட முடியும்.